தண்ணிக்காயும் வழுக்கைக்காயும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரில் இருக்கிறேன். வெயில் தொடங்கியதிலிருந்து தினமும் ஓர் இளநீர். ஒரே வண்டி, ஒரே ஆள். ஆனால் ஒரு நாள் நன்றாக இனிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது, சில நாள் நாக்கில் உப்புக் கரிக்கிறது. ஊசி வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நான் எப்போதும் நல்ல வழுக்கை உள்ள காயாகத்தான் கேட்டு வாங்குகிறேன். கொடுக்கிற காசுக்கு வயிறும் நிறைய வேண்டுமே! பேசாமல் பாட்டிலுக்கு மாறிவிடலாமா, எந்த பிராண்ட் நல்லது? செவ்விளநீர்தான் உடம்புக்கு நல்லது என்கிறாள் மனைவி. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இளநீரே போதும் என்கிறார் அம்மா. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

இளநீர் குடிப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களாக வந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள். கடிதத்தில் இத்தனை கேள்வி கேட்டுவிட்டு, விடையையும் நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘நல்ல வழுக்கை உள்ள காயாகத்தான் கேட்டு வாங்குகிறேன்’ என்று. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த ஊசியைத் தூக்கி எறிவோம். பதமான இளநீருக்குள் காற்றுக்கே இடம் கிடையாது. தண்ணீர் நிறைந்து ஓட்டின் சுவரை உள்ளிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. கத்தி முனை பட்டதும் சீத்தென்று முகத்தில் தெறிப்பது அந்த அழுத்தத்தால்தான். அதற்குள் இன்னொரு டம்ளர் எங்கே போய் ஏறும்? துளை போட்டால் உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். பிறகு அதே துளை வழியாகக் காற்றும் கிருமியும் புகுந்து, வெயிலில் நிற்கிற வண்டியிலேயே காய் புளித்துப்போகும். காய்க்குச் சில ரூபாய் பார்க்கிற மனிதர் தன் சரக்கைத் தானே கெடுத்துக்கொள்வாரா? அந்த வீடியோவை நீங்கள் வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், அம்மா மன்னிக்கட்டும். வயிற்றுப்போக்கில் உடம்பு இழப்பது முக்கியமாக நீரும் சோடியமும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் என்னும் உப்பு, சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியமோ சொற்பம். சர்க்கரை லிட்டருக்கு 50 கிராம் அளவில் போய் நிற்கும். அத்தனை சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டவும் செய்யலாம். ஓஆர்எஸ் பொட்டலத்தை வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கூடவே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பொட்டாசியமே அவர்களுக்கு ஆபத்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

செவ்விளநீரின் நிறம் மட்டையின் தோலோடு சரி, உள்ளே தண்ணீருக்கு நிறமில்லை. அது இனிப்பதற்குக் காரணம் ரகம். கேரளத்தின் சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை என்னும் ரகத்தை 1991இல் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இளநீருக்கென்றே வெளியிட்டது. இலங்கையின் தெம்பிலி ரகமும் நிறத்தில் அப்படித்தான். பச்சையிலும் நன்றாக இனிக்கும் ரகங்கள் உண்டு. மனைவியிடம் சண்டை வேண்டாம், அவர் கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

இனி வழுக்கை.

தென்னையில் ஏறக்குறைய மாதம் ஓர் ஓலைமட்டை விரிகிறது. மட்டைக்கு ஒரு பாளை. ஆகவே மரத்தின் உச்சியில் ஒவ்வொரு குலையும் தனக்கு மேலே உள்ளதைவிட ஒரு மாதம் மூத்தது. இப்போதுதான் வெடித்த பாளையைக் கணக்கில் விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், ஏழாவது குலை ஏழு மாதக் காய். மரம் ஏறுகிறவர் நிறத்தையும் பருமனையும் பார்க்கிறார், குலையையும் எண்ணுகிறார். கோடை வறட்சியில் ஓலைமட்டை விரிவது தாமதப்படும். அப்போது எண்ணிக்கையை மட்டும் நம்பி வெட்டினால் காய் முற்றிப்போயிருக்கும். ஒரே குலையில் உள்ள காய்களுக்கு ஏறத்தாழ ஒரே வயது. அடுத்த குலைக்குப் போனாலே சுவை மாறிவிடும்.

ஐந்து மாதக் காயில் தண்ணீர் இருக்கும், ஆனால் துவர்க்கும், லேசாகப் புளிக்கும். ஆறு முடிந்து ஏழாவது மாதம் ஓடும்போது இனிப்பு உச்சிக்கு வருகிறது. 100 மி.லி.க்குச் சுமார் 5 கிராம், நல்ல குட்டை ரகங்களில் அதற்கு மேலும். அதில் பெரும்பங்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். இந்தச் சமயத்தில்தான் காம்புக்கு எதிர்ப்புறம், ஓட்டின் உள்சுவரில், வழுக்கை படியத் தொடங்குகிறது. அங்கிருந்து மெல்ல மெல்லக் காம்புப் பக்கம் ஏறும். எட்டாவது மாதம் தாண்டினால் ஓடு இறுகத் தொடங்கும், வழுக்கை தடிக்கும். அந்தத் தடிப்பு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? மரம் அனுப்புவதும் தண்ணீரில் கரைந்திருப்பதும் பருப்புக் கட்டப் போகின்றன. நீங்கள் ஆசையாகச் சுரண்டித் தின்னும் கெட்டி வழுக்கை, நீங்கள் குடிக்க வேண்டிய இனிப்பைத் தின்று வளர்ந்தது.

மிஞ்சுகிற சர்க்கரையிலும் ஃப்ரக்டோஸ் குறைந்து சுக்ரோஸ் கூடுகிறது. சுக்ரோஸ் ஃப்ரக்டோஸ் அளவுக்கு இனிக்காது. முற்றிய தேங்காயின் தண்ணீரில் மொத்தச் சர்க்கரையே பாதியாகிவிடும். தாது உப்புகளோ குறையாமல் நிற்கின்றன. இத்தனை நாள் அவற்றை மூடிவைத்திருந்த இனிப்பு விலகியதும் நாக்கு உப்பைக் கண்டுபிடிக்கிறது. உங்களுக்குக் கரித்தது பெரும்பாலும் இதனால்தான். கடலோரத் தோப்புக் காயிலும் லேசான கரிப்பு வரலாம், ஆனால் உங்கள் ஊருக்குக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் மாண்டியா மாவட்டத்து மத்தூர்தான் பக்கம்.

கரிக்கிறது, சப்பென்று இருக்கிறது என்று புகார் சொல்கிறவரும் நீங்கள்தான். வழுக்கைக்காய் கொடு என்று தினமும் வண்டிக்காரரை முற்றல் பக்கம் தள்ளுகிறவரும் நீங்கள்தான். பத்துப் பேர் அப்படிக் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் அதையே கேட்பார். மொத்த வியாபாரி தோப்பில் குலையை இன்னும் சில வாரம் விட்டுவைப்பார். அதில் அவருக்கும் சௌகரியம்தான், மாதம் ஒருமுறை வெட்ட அனுப்புகிற ஆளை ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் கூலி மிச்சம். நஷ்டம் உங்கள் நாக்குக்கு. வயிறு நிறைய வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் இரண்டு இட்லி சாப்பிடுங்கள்.

வழுக்கையே கூடாது என்று சொல்லவில்லை. பதமான காயில் அது இருக்கும், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பதத்தில். மட்டையில் சீவிய சில்லை ஓரத்தில் விட்டுத் தள்ளினால் தானாக உரிந்து சுருண்டு வரும். சில்லை அழுத்த வேண்டியிருந்தால், வெள்ளை வெளேரென்று இருந்தால், கடிக்கும்போது நறுக்கென்றால், அது இளநீர் என்கிற பருவத்தைத் தாண்டிய காய்.

சுவையைக் கெடுக்கும் இன்னொரு இடம் தோப்பு. இளம் ஓடு மெல்லியது. நாற்பது அடி உயரத்திலிருந்து குலையை வெட்டிக் கீழே போட்டால், மட்டைக்குள்ளே ஓட்டில் மயிரிழை விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. அழுத்தம் போய்விடும், கொஞ்சம் தண்ணீர் மட்டையில் கசியும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதை வெட்டினால் ஒரு நொதித்த வாடை. அதனால்தான் தெரிந்தவர்கள் குலையில் கயிறு கட்டி இறக்குவார்கள். தேங்காய்க்கு இந்தக் கவலை இல்லை, இளநீருக்கு இதுதான் முதல் கவலை. இதற்கு ஆள் கூலி கூடும் என்பதும் உண்மை. விலை பேசும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் எதைப் பார்ப்பது? காதருகே வைத்து ஆட்டுங்கள். சலசலவென்றால் முற்றல், அல்லது விரிசல் விட்டது. பருமனுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். காம்படியில் உள்ள தொப்பி இறுக்கமாக, பச்சையோ இளமஞ்சளோ மாறாமல் இருந்தால் வெட்டி அதிக நாளாகவில்லை. கறுத்துக் காய்ந்து கையோடு வந்தால் பழைய சரக்கு. சீவும்போது கத்தி சரக்கென்று ஓட்டுக்குள் இறங்க வேண்டும். ‘டக்’ என்று எகிறினால் ஓடு முற்றிவிட்டது. திறந்தவுடன் தண்ணீர் விளிம்பு வரை தளும்பி நிற்கும்.

பளபளப்பை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஜனங்கள் மட்டையில் பழுப்பு வடு இருந்தால் முகம் சுளித்துத் தள்ளிவிடுகிறார்கள். அது 1998இல் கேரளத்தில் தென்பட்டுப் பிறகு நம் பக்கம் பரவிய ஈரியோபைட் சிலந்தி என்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உண்ணியின் வேலை. மட்டை முழுக்க வெடித்துக் காய் சிறுத்திருந்தால் தண்ணீர் குறையும். லேசான வடு என்றால் தோலோடு போயிற்று. கரி படிந்ததுபோல் இருக்கும் காயையும் ஒதுக்க வேண்டாம். வெள்ளை ஈ சுரக்கும் தேன்போன்ற கழிவின் மேல் வளரும் பூஞ்சை அது, துடைத்தால் போய்விடும். விவசாயிக்கு ஏற்கனவே அந்த ஈயால் போதுமான நஷ்டம்.

குடிக்கும் விதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உறிஞ்சுகுழல் வேண்டாம். இளநீரின் மணம் மெல்லியது, குழல் அதை மூக்குக்குக் காட்டாமல் நேரே தொண்டைக்கு அனுப்பிவிடும். காயைத் தூக்கி வாயை வைத்துக் குடித்தால் மணமும் சேர்ந்து வரும். தாய்லாந்தில் ‘நாம் ஹோம்’ என்று ஒரு குட்டை ரகம் உண்டு. பாசுமதியிலும் ரம்பை இலையிலும் உள்ள அதே வாசனைச் சேர்மம் அதன் தண்ணீரில் இருக்கிறது. அதைக் குழல் போட்டுக் குடிப்பது காசை வீணாக்குவது. ஐஸ் போடுவதும் அப்படித்தான், அதிகக் குளிரில் நாக்குக்கு இனிப்பு எட்டாது, போதாததற்குத் தண்ணீரும் கலக்கிறது. எலுமிச்சை, சப்ஜா, தேன் இதெல்லாம் சப்பைக் காயை விற்கக் கண்டுபிடித்த வழிகள்.

பல்பொருள் அங்காடியில் மட்டை சீவி, நெகிழித் தாள் சுற்றி விற்கிறார்களே, அதைக் குளிர்பெட்டியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள், வீட்டிலும் குளிர்பெட்டியிலேயே வையுங்கள். டென்மார்க்கில் ஒருவர் அப்படிச் சீவிய காயை நெடுநாள் வெளியே வைத்திருந்து குடித்து இறந்தார். பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுதான் காரணம். வாயில் வைத்ததும் கெட்டது என்று தெரிந்தால் ‘காசு கொடுத்தோமே’ என்று விழுங்காதீர்கள்.

பாட்டில் கேட்டீர்கள். இளநீரில் புளிப்பு குறைவு. புளிப்பை அளக்கும் பிஎச் எண் 5ஐ ஒட்டி இருக்கும், எண் கூடக் கூடப் புளிப்பு குறையும். 4.6க்கு மேலே இருக்கிற இதுபோன்ற பானத்தை அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் பெரும்பாலும் கடுமையாகச் சூடாக்க வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் மணம் பறந்துவிடும், வேகவைத்த வாடை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அதை மறைக்கச் சிலர் சர்க்கரை சேர்க்கிறார்கள். சூடாக்காமல் குளிரிலேயே வைத்து விற்பது இதைவிடத் தேவலை. அது சில சமயம் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். தண்ணீரில் இயல்பாகவே உள்ள பாலிபீனால்கள் என்னும் சேர்மங்கள் நொதிகளால் காற்றோடு கலந்து நிறம் மாறுவது அது, சாயம் இல்லை. பிராண்ட் பெயர் சொல்லமாட்டேன். லேபிளில் இளநீரைத் தவிர வேறென்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பொருள்கள் வரிசையில் சர்க்கரை இருந்தால் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டு, அந்தக் காசுக்கு மோர் வாங்கிக் குடியுங்கள்.