ரோட்டோருவா முதல் டௌப்போ வரை ஒரு நாள் கார் பயணம்: கேள்வி பதில்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ரோட்டோருவாவுக்கும் டௌப்போவுக்கும் இடையே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வழி நெடுக மண் புகைகிறது, சேறு கொதிக்கிறது. பல தடவை ஓட்டிப் பழகிய சாலை என்பதால் வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இதோ.

ஒரு நாள் போதுமா சார்? எங்கே தொடங்குவது?

சாலையைக் கடக்க ஒரு மணி நேரம் போதும். பார்ப்பதற்குத்தான் நாள் பற்றாது. அதனால் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று பூங்காக்களை ஓடி ஓடிப் பார்த்தால் கடைசியில் எது எங்கே இருந்தது என்பதே நினைவில் நிற்காது.

காலை எட்டு மணிக்கு ரோட்டோருவா நகருக்குள்ளேயே இருக்கும் குயிராவ் பூங்காவில் தொடங்குங்கள். கட்டணம் இல்லை. குளிர்ந்த காலையில்தான் ஆவி திரண்டு எழும். மதியம் பார்த்தால் பாதி கூடத் தெரியாது. டிக்கெட் வாங்கும் அந்த ஓர் இடம் வாய்-ஓ-டாப்பு வெந்நீர் ஊற்றுப் பூங்கா என்றால், அங்கிருந்து அரை மணி நேரம். அங்கே லேடி நாக்ஸ் ஊற்று தினமும் 10:15க்குப் பீச்சியடிக்கும். ஊற்று பூங்காவுக்குள் இல்லை, தனி இடம். காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 9:45க்குள் டிக்கெட் கையில் இருக்கட்டும்.

அந்த ஊற்றில் சோப்பு போடுகிறார்களாமே? அப்புறம் அது இயற்கை எப்படி ஆகும்?

போடுவது உண்மை, எல்லார் கண்ணெதிரிலும்தான் போடுகிறார்கள். ஊற்றின் உள்ளே மேலே ஆறிய நீர், கீழே கொதிநீர். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்ததும் இரண்டும் கலந்து, கீழே அடைபட்டிருந்த சூடு நுரையாகக் கிளம்பி, பிறகு 20 மீட்டர் வரைகூட எகிறும். நேரம் மட்டும்தான் மனிதர் குறித்தது. வெப்பமும் அழுத்தமும் பூமியுடையவை. எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

வாய்மங்குப் பள்ளத்தாக்கா, வாய்-ஓ-டாப்புவா? ஒன்றுதான் என்றால் எது?

நிறம் வேண்டுமென்றால் வாய்-ஓ-டாப்பு. அங்குள்ள ஷாம்பெயின் குளம் 65 மீட்டர் அகலம், 62 மீட்டர் ஆழம், மேற்பரப்பில் 74 டிகிரி சூடு. கரையோரம் குனிந்து பாருங்கள்: பச்சை நீருக்கும் சாம்பல் நிறப் பாறைக்கும் நடுவே, பழுத்த ஆரஞ்சுத் தோல் போல ஒரு விளிம்பு. ஆர்சனிக், ஆன்டிமனி சல்ஃபைடுகள் படிந்த நிறம் அது. பொடிப்பொடியாக மேலே வரும் குமிழ்கள் கரியமில வாயு. நீர் கொதிப்பதால் வருபவை அல்ல.

என் மனம் சாய்வது வாய்மங்குப் பக்கம். 1886 ஜூன் 10 அதிகாலையில் தராவெரா எரிமலை வெடித்தது. நிலம் 17 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், உலகப் புகழ்பெற்ற இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகள் அழிந்தன. வாய்மங்குப் பள்ளத்தாக்கு அந்த வெடிப்பில் பிறந்தது. நீங்கள் நடக்கும் காடு, ஓடை, குளம் எல்லாமே அதற்குப் பின் வந்தவை. பிறந்த நாள் தெரிந்த நிலத்தில் நடக்க எத்தனை இடங்களில் வாய்க்கும்? அங்கே இன்ஃபெர்னோ என்றொரு நீலக் குளம் இருக்கிறது. ஏறக்குறைய 38 நாளுக்கு ஒருமுறை நிரம்பி வழியும், பிறகு பல மீட்டர் இறங்கிவிடும். நடை முழுக்க இறக்கம்; திரும்ப மேலே வர பஸ் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்க வேண்டாம்.

ஐந்து வயது, மூன்று வயதுப் பிள்ளைகளுடன் வருகிறோம். பயப்பட வேண்டுமா?

பாதையை விட்டு ஓர் அடிகூட விலகவிடாதீர்கள். உலர்ந்த தரை போலத் தெரிவது சில இடங்களில் மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர். மூன்று வயதுக் குழந்தையைக் கையில் பிடித்தே நடத்துங்கள். இன்னொன்று, ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை இங்கே சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் எப்போது போகும்?

போகாது, மூக்குதான் பழகும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. திறந்தவெளியில் சாதாரணமாக ஒன்றும் செய்யாது, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் ஆவி அடர்ந்த இடத்தில் நிற்க வேண்டாம். வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள். என் மனைவியின் கொலுசு கறுத்துப்போனது இப்படித்தான்.

வழியில் இலவசமாக வெந்நீரில் குளிக்கலாமா?

கெரோசின் கிரீக் ஓடை இருக்கிறது, டௌப்போவில் ஸ்பா பார்க் ஓடை இருக்கிறது. முதலில் கையை விட்டுச் சூடு பாருங்கள். தலையை மட்டும் நீரில் முக்கவே கூடாது. வெந்நீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. நிறுத்திய காரில் பையோ பாஸ்போர்ட்டோ வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஓட்டுவது கடினமா?

இடதுபக்கம் ஓட்ட வேண்டும். நகரத்தில் 50, நெடுஞ்சாலையில் பெரும்பாலும் 100. மரம் ஏற்றிய லாரிகள் நிறைய வரும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். படம் எடுக்கச் சாலையோரத்தில் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

டௌப்போவுக்கு முன்னால் பெரிய வெள்ளி நிறக் குழாய்கள் போகின்றனவே, அவை என்ன?

வைராக்கி மின் நிலையத்துக்கு ஆவி கொண்டுபோகும் குழாய்கள். 1958ல் இயங்கத் தொடங்கிய நிலையம். அதற்கு ஒரு விலையும் இருந்தது: அருகிலிருந்த கெய்சர் பள்ளத்தாக்கின் ஊற்றுகள் வற்றிப்போயின. ரோட்டோருவாவிலும் வீடுகளும் விடுதிகளும் ஆழ்துளை போட்டு வெந்நீரை இழுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தன. போஹுட்டு ஊற்றைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட 1980களின் பிற்பகுதியில் அரசு நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகு நீர்மட்டம் ஏறியது. போஹுட்டு இன்றும் நாளுக்குப் பல தடவை பீச்சியடிக்கிறது. ரோட்டோருவாவில் இன்னொரு காலை கிடைத்தால் அதற்கே ஒதுக்குங்கள்.