ரைமிங் சொற்களும் அவற்றின் பல பொருள்களும்: வாசகர் கேள்வி-பதில்

'லவ்', 'மூவ்' ரெண்டுமே ஓ-வி-ஈ-ன்னுதான் முடியுது. ரைமிங் வேர்ட்ஸ்னு எழுதினேன். டீச்சர் மார்க் போடலை. ஏன்?
*— பத்தாம் வகுப்பு மாணவி, மேலூர்*

எழுத்து ஒன்றாக இருக்கிறது, ஒலி ஒன்றாக இல்லை. 'லவ்' குறில், 'மூவ்' நெடில், உயிரொலியே வேறு. 'லவ்' சொல்லுக்கு 'க்ளவ்', 'டவ்' பொருந்தும். 'மூவ்' சொல்லுக்கு 'ப்ரூவ்' பொருந்தும்.

சோதிக்கும் முறை இது. சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் விழும் கடைசி உயிரொலி எது என்று பாருங்கள். அந்த உயிரொலியிலிருந்து சொல்லின் இறுதி வரை இரண்டு சொற்களிலும் ஒலி ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் உள்ள மெய்யொலி மட்டும் வேறாக இருக்க வேண்டும். முன்மெய்யும் ஒன்றாகிவிட்டால் அது ரைம் ஆகாது. 'சரி', 'வலப்பக்கம்' என்று பொருள்படும் 'ரைட்'டும், டபிள்யூவில் தொடங்கி 'எழுது' என்று பொருள்படும் 'ரைட்'டும் இப்படிப்பட்டவை. இவை ஒரே ஒலியுள்ள வேறு சொற்கள். ஆங்கில இலக்கணத்தில் ஹோமோஃபோன்.

தேர்வுத்தாள்களில் அடிக்கடி வரும் இன்னொரு பிழை 'ப்ளேயிங் – ஈட்டிங்'. இரண்டும் 'இங்' என்று முடிந்தாலும் அழுத்தம் 'ப்ளே', 'ஈட்' மேல் விழுகிறது. ஆகவே 'ப்ளேயிங்' சொல்லுக்கு 'சேயிங்', 'ஸ்டேயிங்' பொருந்தும். 'ஈட்டிங்' சொல்லுக்கு 'மீட்டிங்'.

எழுத்தும் ஒலியும் இப்படிப் பிரிந்ததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் 1476-ல் வந்தது. கொண்டுவந்தவர் வில்லியம் காக்ஸ்டன். அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல நிலைப்படுத்திக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் ஆங்கில நெட்டுயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. நாக்கு முன்னே போய்விட்டது, ஸ்பெல்லிங் பழைய இடத்திலேயே நின்றது. அதனால்தான் ஓ-யூ-ஜி-எச் என்ற ஒரே கூட்டு, 'தோ'வில் 'கோ'வோடும், 'த்ரூ'வில் 'டூ'வோடும், 'டஃப்'பில் 'ஸ்டஃப்'போடும், 'காஃப்'பில் 'ஆஃப்'போடும், மரக்கிளையைக் குறிக்கும் 'பௌ'வில் 'கௌ'வோடும் சேர்கிறது.

ஒன்று கவனியுங்கள். கேட்கப்பட்ட கவிதையிலேயே கவிஞர் 'லவ்', 'மூவ்' இரண்டையும் அடிகளின் இறுதியில் இணையாக நிறுத்தியிருந்தால், அது கண்ணுக்கான ரைம். அப்போது ரைம் ஸ்கீமில் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போடலாம். உங்கள் கேள்வியில் அப்படி இருந்ததா என்று பாடநூலைத் திறந்து பாருங்கள்.

ரைம் என்பதை 'எதுகை' என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவது சரியா?
*— தமிழாசிரியர், திருப்பரங்குன்றம்*

சரியில்லை. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ஆங்கில ரைம் அடியின் இறுதியில் ஒலிப்பது. தமிழ்த் தொடைகளில் அதற்கு நெருங்கிய உறவு இயைபுதான். அடியிறுதி ஒன்றுவதையே தொல்காப்பியமும் இயைபு என்கிறது. ஆங்கிலப் பாடத்தில் வரும் அலிட்டரேஷனை மோனை என்று சொல்லித் தரலாம், தவறாகாது. ஆங்கிலேயக் கவிதைக்கு எதுகை பழக்கமில்லை. தமிழ்ச் செய்யுளுக்கு எதுகை உயிர். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டு மொழிக் கவிதையையும் தெளிவாகக் கேட்பார்கள்.

ரேஷன் கடைப் பலகையிலும் 'ஃபேர்', புத்தகத் திருவிழா பேனரிலும் 'ஃபேர்', மகளின் நோட்டிலும் 'ஃபேர்', பஸ்ஸிலும் 'ஃபேர்'. எல்லாம் ஒரே சொல்லா?
*— இல்லத்தரசி, செல்லூர்*

மூன்று சொற்கள். காதுக்கு ஒன்றாக விழுகின்றன.

முதல் சொல் எஃப்-ஏ-ஐ-ஆர். பழைய ஆங்கிலத்தில் 'அழகிய' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. அழகு என்பதிலிருந்து கறையற்றது, தெளிவானது, ஒருபக்கம் சாயாதது என்று பொருள் கிளை விட்டது. ரேஷன் கடையின் 'ஃபேர் ப்ரைஸ்' நியாய விலை. மகளின் 'ஃபேர் நோட்' அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் நோட்டு, ரஃப் நோட்டுக்கு எதிர். 'ஃபேர் வெதர்' மழையில்லாத நல்ல வானிலை. முடியைப் பற்றிச் சொன்னால் வெளிர்நிறம். 'ஃபேர் அமௌன்ட்' என்றால் கணிசமான அளவு. ஆனால் மதிப்பெண் அட்டையிலோ வேலை மதிப்பீட்டுப் படிவத்திலோ 'ஃபேர்' என்று மட்டும் இருந்தால் மகிழ வேண்டாம். அங்கே அது 'குட்'டுக்குக் கீழே, 'புவர்'க்கு மேலே. சுமார் என்றுதான் பொருள்.

இரண்டாவது சொல்லுக்கும் அதே ஸ்பெல்லிங், பிறப்பு வேறு. லத்தீனில் விழா நாளைக் குறித்த 'ஃபேரியா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியின் 'புக் ஃபேர்' இது.

மூன்றாவது எஃப்-ஏ-ஆர்-ஈ. பயணம் செய்வதைக் குறித்த பழைய ஆங்கில வினையின் வழி வந்தது. இப்போது பயணக் கட்டணம். வழியனுப்பும்போது சொல்லும் 'ஃபேர்வெல்' இதே குடும்பம், 'நல்லபடியாகப் போய் வா' என்பதுதான். ஓட்டல் விளம்பரத்தில் இந்த ஃபேர் வந்தால் உணவைக் குறிக்கும்.

எந்தப் பொருள் என்று தெரிய பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் முதல் ஃபேர். முன்னால் 'புக்', 'ட்ரேட்' போல ஒன்று ஒட்டியிருந்தால் திருவிழா. 'பஸ்', 'ட்ரெய்ன்' ஒட்டியிருந்தால் கட்டணம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் வெளிநாட்டினருக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். 'ப்ரைஸ்' என்றால் பரிசா விலையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். என் உச்சரிப்பில் என்ன குறை?
*— வழிகாட்டி, மதுரை*

தமிழில் 'ஸ்' ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு, தொண்டை அதிராதது ஒன்று, அதிர்வது ஒன்று. விலைக்கு அதிராத ஸ். பரிசுக்கு அதிரும் ஸ், தேனீயின் ரீங்காரம்போல. குரல்வளைமேல் இரண்டு விரல் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள். விரலுக்கு எதுவும் தெரியாது. அப்படியே குரல் சேர்த்து இழுத்தால் அதிர்வு தெரியும். அதுதான் ஆங்கில இஸட் எழுத்தின் ஒலி.

இறுதி ஒலியைவிட அதற்கு முந்தைய உயிரின் நீளம்தான் கேட்பவருக்கு அதிகம் உதவுகிறது. விலையைச் சொல்லும்போது 'ரை'யைச் சட்டென்று வெட்டுங்கள். பரிசைச் சொல்லும்போது சற்று இழுங்கள். இது ஒன்றைச் செய்தாலே குழப்பம் பெரும்பாலும் தீரும். அரிசியைக் குறிக்கும் 'ரைஸ்' குறுகும், எழுவதைக் குறிக்கும் 'ரைஸ்' நீளும். பனிக்கட்டியான 'ஐஸ்' குறுகும், கண்களான 'ஐஸ்' நீளும். ரைமும் அப்படியே பிரியும்: பனிக்கட்டி விலையோடும் 'நைஸ்', 'ட்வைஸ்' சொற்களோடும் சேரும்; கண்கள் பரிசோடும் வானத்தின் பன்மையான 'ஸ்கைஸ்' சொல்லோடும் சேரும்.

பன்மை காட்டும் எஸ் எழுத்திலும் இதே கதை. 'கேட்ஸ்', 'புக்ஸ்', 'கப்ஸ்' போல அதிராத ஒலிக்குப் பின் வந்தால் அதிராது. உயிருக்கும் அதிரும் மெய்க்கும் பின் வந்தால் அதிரும். அதனால் மரங்களின் 'ட்ரீஸ்', 'ப்ளீஸ்' சொல்லோடு ரைம் ஆகும். அமைதியைக் குறிக்கும் 'பீஸ்' சொல்லோடு ஆகாது.

இன்னொரு பழக்கமும் நம்மூரில் வலுவாக இருக்கிறது. 'ரைட்டு', 'கேட்டு', 'பஸ்ஸு' என்று இறுதியில் உகரம் ஒட்டிக்கொள்ளும். தமிழில் வல்லினம் சொல்லின் இறுதியில் தனியாக நிற்காது என்பதால் நாக்கு தானாகவே அதைச் சேர்க்கிறது. ஆங்கிலக் காதுக்கு அது கூடுதல் அசை. 'ரைட்' சொல்லும்போது நாக்கின் நுனி மேலே தொட்டதும் அங்கேயே நிறுத்துங்கள், விடுவிக்காதீர்கள். ஒலி குறைந்துவிட்டதுபோல உங்களுக்குத் தோன்றும். கேட்பவருக்குச் சரியாகவே விழும்.

வண்டியூர்க் கண்மாயை ஆங்கிலத்தில் 'டேங்க்' என்கிறார்கள். மொட்டைமாடித் தொட்டியும் டேங்க், ராணுவத்திலும் டேங்க். எப்படி?
*— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அண்ணா நகர்*

மூன்றும் ஒரே சொல். வளர்ந்த வழி சுவையானது. நீர்த்தேக்கத்தைக் குறிக்க குசராத்தி, மராத்தி மொழிகளில் இருந்த சொல்லும், அதே ஒலியுள்ள போர்ச்சுக்கீசியச் சொல்லும் சேர்ந்து ஆங்கிலத்துக்குப் போனதாக அகராதிகள் தருகின்றன. ஆகவே கண்மாய், ஏரி, தெப்பக்குளம் என்ற பொருள்தான் மூத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பொருள் இன்றும் புழங்குகிறது. லண்டன்காரரிடம் 'டேங்க்' என்று மட்டும் சொன்னால் தொட்டிதான் அவர் மனத்தில் வரும். அவருக்கு மாரியம்மன் தெப்பக்குளத்தை விளக்க 'டெம்பிள் டேங்க்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

போர் வாகனத்துக்கு அந்தப் பெயர் முதல் உலகப்போரில் வந்தது. பிரிட்டன் அதை ரகசியமாகச் செய்தபோது, நீர்த்தொட்டி செய்கிறோம் என்று வெளியில் நம்பவைக்க இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறக்கினார்கள். ரகசியம் முடிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது வினையாகவும் வரும்; ஒரு படம் 'டேங்க்' ஆனது என்றால் ஓடவில்லை என்று பொருள்.

இதன் ரைம் குடும்பமே பல பொருள் உடையது. 'பேங்க்' வைகையின் கரை. பணம் போடும் வங்கி. விமானம் திரும்பும்போது சாய்வது. 'ஆன்' சேர்ந்தால் ஒருவரை நம்பியிருப்பது. பணத்துக்கான பேங்க், இத்தாலியில் நாணயம் மாற்றுவோர் உட்கார்ந்த பலகையின் பெயரிலிருந்து வந்தது. 'ரேங்க்' நமக்கு ரேங்க் கார்டு. பிரிட்டனில் டாக்சி வரிசையும் அதுதான். ஆனால் வாசனையைப் பற்றிப் பேசும்போது 'ரேங்க்' வந்தால் குமட்டும் நாற்றம். பாராட்டு என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரே ஸ்பெல்லிங், இரண்டு உச்சரிப்பு. எப்படி நினைவில் வைப்பது?
*— கல்லூரி மாணவர், உசிலம்பட்டி*

ஒவ்வொன்றையும் அதன் ரைமோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். டி-ஈ-ஏ-ஆர் கண்ணீர் என்றால் 'நியர்' போல. கிழிப்பது என்றால் 'கேர்' போல. எல்-ஈ-ஏ-டி ஈயம் என்றால் 'ரெட்' போல. வழிநடத்துவது என்றால் 'நீட்' சொல்லின் மென்மையான இறுதியோடு, அதாவது தேவையைக் குறிக்கும் சொல்போல. பி-ஓ-டபிள்யூ வில் என்றால் 'கோ' போல. குனிந்து வணங்குவது என்றால் 'கௌ' போல. ஆர்-ஓ-டபிள்யூ வரிசை என்றால் 'கோ', சண்டை என்றால் 'கௌ'. எஸ்-ஓ-டபிள்யூ விதைப்பது என்றால் 'கோ', பெண் பன்றி என்றால் 'கௌ'.

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உள்ள சொல் எது?
*— வாசகர், திருமங்கலம்*

1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்'. இப்போது நடக்கும் திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது.

'செட்' சொல்லின் பல பொருள்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஜிகர்தண்டாவுக்கான கடல்பாசி செட் ஆகிறது, டிவி செட், செட் தோசை, படப்பிடிப்பு செட், சேர்ந்து சுற்றும் பையன்கள் ஒரு செட்டு, இந்த வேலை எனக்கு செட் ஆகாது. ஆங்கிலத்தில் சூரியன் மறைவதும், மேசையைச் சாப்பாட்டுக்குத் தயார் செய்வதும் கூடுதல். 'ஆஃப்' சேர்ந்தால் புறப்படுவது. 'அப்' சேர்ந்தால் நிறுவுவது. 'பேக்' சேர்ந்தால் பின்னடைவு. ரைமுக்கு 'நெட்', 'மெட்', வியர்வையான 'ஸ்வெட்'. கடனைக் குறிக்கும் 'டெட்'டும் சேரும். டி-ஈ-பி-டி என்று எழுதுவார்கள், நடுவில் உள்ள 'பி'யை யாரும் ஒலிப்பதில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டப் படித்தவர்கள் பின்னால் செருகினார்கள்.

'ஆரஞ்ச்' சொல்லுக்கு ரைமே இல்லை என்கிறார்களே?
*— வாசகி, அழகர்கோவில்*

புழக்கத்தில் உள்ள சொல் எதுவும் இல்லை. வேல்ஸில் 'ப்ளாரெஞ்ச்' என்று ஒரு மலை இருக்கிறது, அவ்வளவுதான். மாதம் என்ற 'மன்த்', ஓநாய் என்ற 'வுல்ஃப்' இரண்டுக்கும் இதே நிலை. ஆரஞ்சின் வேர் நமக்கு அருகில்தான்: நம் நாரத்தைக்கு உறவான திராவிடச் சொல், சமஸ்கிருத 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபி 'நாரஞ்ச்' என்று மேற்கே போய், ஐரோப்பாவில் முதல் 'ந்' உதிர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கு ரைமிங் சொற்களை வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?
*— பாட்டி, வாடிப்பட்டி*

அம்மா, முதல் வாரம் நோட்டே வேண்டாம். தினம் பத்து நிமிடம் போதும். மூன்று சொல் சொல்லுங்கள், 'கேட், ஹேட், டாக்' என்று. சேராத ஒன்றை அவன் சொல்லட்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகு எழுத்துக்குப் போங்கள். ஒரு அட்டையில் ஏ-டி எழுதுங்கள். பி, சி, எஃப், எச், எம், ஆர், எஸ் எழுத்துகளைச் சிறு துண்டுகளில் எழுதி முன்னால் ஒவ்வொன்றாக வையுங்கள். ஏழு சொல் கிடைக்கும். அதில் பி வைத்தால் வரும் சொல்லுக்குக் கிரிக்கெட் மட்டை, வௌவால் என்ற இரண்டு பொருளையும் படம் வரைந்து காட்டுங்கள்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கப் பழக்காதீர்கள். தமிழில் எழுதினால் பூனையும் 'கேட்', வாசற்கதவும் 'கேட்'. பூனைக்குத் தாடை நன்றாக இறங்க வேண்டும், தொடக்கம் அதிராத க். கதவுக்குத் தாடை பாதிதான் இறங்கும், தொடக்கம் 'தங்கம்' என்பதில் வரும் க் போல அதிரும். உங்களுக்கே சந்தேகம் வந்தால், கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு இருவரும் மூன்று முறை கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.