கண் சொட்டு மருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை கண் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சொட்டு மருந்தைப் பற்றியவை. எதை விடலாம், எப்போது நிறுத்தலாம், ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றில் எட்டு கேள்விகளுக்கு இங்கே பதில்.

கதிர் அறுக்கும்போது நெல் தாள் என் கணவரின் கண்ணில் பட்டுவிட்டது. முதலில் நந்தியாவட்டைச் சாறு விட்டோம். மறுநாள் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். சிவப்பு குறைந்தது. ஐந்து நாள் கழித்து இப்போது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை என்கிறார். அதே மருந்தைத் தொடரலாமா? (வாசகி, திருத்துறைப்பூண்டி)

கூடாது. இன்றே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடிய விஷயமல்ல என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டோம். விளக்கத்தை மற்றவர்களுக்காக எழுதுகிறோம்.

கருவிழியின் மேல்தோல் மிக மெல்லியது. கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். நெல் தாளோ கரும்புத் தோகையோ கீறும்போது அந்தத் தோல் கிழிகிறது. தாளில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள் கிழிசல் வழியாக உள்ளே இறங்குகின்றன. இலைச்சாறு, பூச்சாறு எல்லாம் கொதிக்க வைத்துத் தூய்மைப்படுத்திய பொருள்கள் அல்ல. அவை புதுக் கிருமிகளையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கு நுனியால் தூசி எடுப்பது ஆகியவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது.

மெடிக்கலில் கொடுத்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கிருமியோடு உடல் போராடுவதன் அடையாளம்தான் கண் சிவப்பு. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும். கண் வெளுத்து, குணமாவதுபோலத் தெரியும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் வளரும். சிவப்பு குறைந்தும் பார்வை மங்கினால், வலி கூடினால், வெளிச்சம் கூசினால், அது குணமாவதன் அறிகுறி அல்ல.

போகும்போது இதுவரை விட்ட மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துப் போங்கள். என்ன விட்டீர்கள் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அங்கே மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் மேல் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும், பூஞ்சையா பாக்டீரியாவா என்று பிரித்தறிய அதுவே வழி. பூஞ்சை என்றால் பெரும்பாலும் நாடாமைசின் 5 சதவீதச் சொட்டு தருவார்கள். அது குழம்புபோல அடியில் படியும் மருந்து. ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். முதல் சில நாள் மணிக்கு ஒருமுறைகூட விடச் சொல்வார்கள். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். நடுவில் விட்டுவிட்டால் புண் திரும்பக் கிளம்பும்.

ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நிற்கும். ‘கண்ணில் பூ விழுந்தது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஓரத்தில் விழுந்தால் பாதிப்பு குறைவு. நடுவில் விழுந்தால் கருவிழி மாற்று அறுவை வரை போகலாம். அறுவடையிலும் கரும்பு வெட்டிலும் ஓரம் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி போட்டிருந்தாலே இதில் பெரும்பகுதி நடக்காது. ஏதாவது பட்டுவிட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். உறுத்தல் மறுநாளும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். துணி வைத்துக் கட்ட வேண்டாம்.

ஏழு வயது மகனுக்கு வெயில் காலம் வந்தாலே கண் அரிக்கும், நூல்போலப் பீளை வரும். இரண்டு வருடம் முன்பு எழுதிக்கொடுத்த சொட்டையே வாங்கி விடுகிறோம். விட்ட அன்றே சரியாகிவிடும். இப்படியே தொடரலாமா? (வாசகர், சேலம்)

‘விட்ட அன்றே சரியாகிவிடும்’ என்பதுதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது. அட்டையில் உட்பொருள்களின் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டெப்ரெட்னால் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக்கோடு கலந்தும் வரும் என்பதால் முதல் பெயரோடு நிறுத்தாமல் முழுப் பட்டியலையும் பாருங்கள். அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. அறுவைக்குப் பிறகும், கண்ணின் உள்ளே அழற்சி வரும்போதும் அது பார்வையைக் காப்பாற்றுகிறது. கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விடுவதுதான் பிரச்சினை. சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பை அரிக்கும். வலி இருக்காது. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. லென்ஸில் புரையும் விழலாம். எனவே ஒருமுறை அழுத்தம், நரம்பு, லென்ஸ் மூன்றையும் பரிசோதியுங்கள். இதுவரை விட்டுவந்த மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்படி இருக்கட்டும்.

இந்த ஒவ்வாமைக்கு ஓலோபடடின் போன்ற ஸ்டீராய்டு இல்லாத சொட்டுகள் உண்டு. அவை அன்றே மாயம் செய்யாது. சீசன் முழுக்கத் தொடர்ந்து விட வேண்டும். அரிப்பு கூடும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். வெளியே போகும்போது தொப்பி போடட்டும். கசக்குவதை மட்டும் எப்பாடுபட்டாவது நிறுத்துங்கள். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்புபோலப் புடைக்கலாம். அதன் பிறகு சாதாரணக் கண்ணாடியில் பார்வையைச் சரிசெய்வது கடினம்.

வயது 62. கண்ணில் பிரஷர் 26 இருந்தது. சொட்டு விட்ட பிறகு 15 ஆகிவிட்டது. இனி நிறுத்தலாமா? இன்னொன்று: ஒரு சொட்டு விட்டால் பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது என்று இரண்டு சொட்டாக விடுகிறேன். இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

இரண்டாவது கேள்விதான் அவசரம், முதலில் அதற்கு வருவோம். உங்கள் மருந்தில் டிமோலால் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். கிளாகோமாவுக்கு (கண் அழுத்த நோய்க்கு) நல்ல மருந்து அது. ஆனால் கண்ணின் மூக்கோர மூலையில் இருக்கும் சிறு துவாரம் வழியாக மூக்குக்குள் இறங்கி நேராக ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும். இதயத் துடிப்பையும் மந்தமாக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எதுவானாலும் நாளையே கண் மருத்துவரிடமும் பொது மருத்துவரிடமும் சொல்லுங்கள். டிமோலால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வகை மருந்துகள் உண்டு.

ஒரு சொட்டு என்பது 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண் எவ்வளவு முயன்றாலும் ஏறக்குறைய 30-க்கு மேல் தாங்காது. ஒரு சொட்டிலேயே கொஞ்சம் வழியத்தான் செய்யும். இரண்டாவது சொட்டு முதலாவதையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் சின்னப் பைபோல ஒரு பள்ளம் தெரியும். மேலே பார்த்தபடி அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. குப்பியின் நுனி இமையிலோ முடியிலோ படக் கூடாது. பட்டால் கிருமி குப்பிக்குள் போய்விடும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். கண்ணைச் சிமிட்ட வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். இந்த அழுத்தம் மருந்தைக் கண்ணிலேயே நிறுத்தும். ரத்தத்தில் கலப்பதும் குறையும். இரண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பு இருந்தால் அது கடைசி. கை நடுங்குபவர்கள் படுத்துக்கொண்டு, மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டைவிட்டு, பிறகு கண்ணைத் திறந்தால் மருந்து தானாக இறங்கும். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். பெரும்பாலான குப்பிகளை ஒரு மாதத்துக்குப் பின் மிச்சமிருந்தாலும் வீசிவிட வேண்டும்.

இனி முதல் கேள்வி. 15 ஆனது மருந்தால்தான். நிறுத்தினால் மீண்டும் ஏறும். கிளாகோமாவில் ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் பலருக்கு இழப்பே தெரியாது. போன பார்வையை எந்த மருந்தும் எந்த அறுவையும் மீட்காது. மருந்தின் வேலை இருப்பதைக் காப்பது. உங்கள் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ரத்த உறவில் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

சர்க்கரை இருக்கிறது. கண் நன்றாகவே தெரிகிறது. வருடா வருடம் சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பதில் அரைநாள் வேலை கெடுகிறது. தேவைதானா? (வாசகர், ஈரோடு)

தேவை. சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கும்போது, கடைசி வரிகூடப் படிக்கும் அளவுக்குப் பார்வை இருக்கலாம். தெரியாமல் போகத் தொடங்கும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். சுருங்கிய பாப்பா சாவித்துவாரம் மாதிரி. அதன் வழியே ஓரங்களைப் பார்க்க முடியாது. சொட்டு விட்டு இருபது முப்பது நிமிடத்தில் விரியும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்தில் மங்கல், வெளிச்சத்தில் கூச்சம் இருக்கும். அன்று வண்டி ஓட்டாதீர்கள், கூலிங்கிளாஸ் கொண்டுபோங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரையில், நோய் தெரிந்த அன்றே முதல் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கொருமுறை. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

கண்புரையைக் கரைக்கும் சொட்டு என்று விளம்பரம் வருகிறதே? (வாசகி, விருதுநகர்)

அப்படி நிரூபிக்கப்பட்ட சொட்டு எதுவும் இல்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றே வழி. ‘நன்றாக முற்றட்டும்’ என்று காத்திருப்பதும் வேண்டாம். முற்றிய புரை கெட்டியாகி அறுவையைக் கடினமாக்கும். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினாலே அறுவைக்கு நேரம் வந்துவிட்டது.

மகளுக்கு ஒன்பது வயது. ஆறு மாதத்துக்கொரு முறை மைனஸ் பவர் ஏறுகிறது. அட்ரோபின் சொட்டு விட்டால் நிற்கும் என்கிறார்கள். கண்ணாடி போடாமல் விட்டால் பவர் ஏறாது என்று மாமியார் சொல்கிறார். (வாசகி, திருச்சி)

உங்கள் மாமியார் கவலையில் சொல்கிறார், ஆனால் கண்ணாடி போடாமல் விடுவதால் பவர் ஏறுவது நிற்காது. பள்ளியில் பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம். பவரைக் குறைத்துக் கண்ணாடி போடுவதாலும் பயன் கிடைத்ததில்லை. முழுப் பவரும் போடட்டும்.

கண் விழி நீளமாக வளர்வதால்தான் மைனஸ் ஏறுகிறது. அட்ரோபினை 0.01 முதல் 0.05 சதவீதம் வரை நீர்த்து, இரவில் ஒரு சொட்டு விட்டால் அந்த வளர்ச்சியின் வேகம் குறையும். ஹாங்காங்கில் நடந்த ஆய்வில் 0.05 சதவீதம் கூடுதல் பலன் தந்தது. வேகம் குறையும், ஏறிய பவர் இறங்காது. பாப்பாவை விரிக்கப் பயன்படும் 1 சதவீத அட்ரோபினை இதற்கு வாங்கிவிடாதீர்கள். சீட்டில் உள்ள சதவீதமும் குப்பியில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள். இதோடு தினம் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே விளையாடட்டும். மைனஸ் வராமலே தடுப்பதில் இதற்கு நல்ல பலன் உண்டு. டியூஷனுக்குப் போகும் மாலை நேரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கம்ப்யூட்டர் வேலை. கண் எரிகிறது, சிவக்கிறது. சிவப்பு நீக்கும் சொட்டு விட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு முன்னைவிடச் சிவப்பு. (வாசகர், சென்னை)

அந்தச் சொட்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதன் வேலை தீர்ந்ததும் அவை மேலும் விரிகின்றன. அதை நிறுத்திவிடுங்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண்ணீர்ப் படலம் உலர்வதுதான் உங்கள் எரிச்சலுக்கு முக்கியக் காரணம். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள், ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்காமல் பாருங்கள். 20 நிமிடத்துக்கொரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்த்துக்கொண்டே நன்றாகச் சிமிட்டுங்கள். செயற்கைக் கண்ணீர் சொட்டு ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த வேதிப்பொருளே கருவிழியை எரிச்சலூட்டும்.

வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி விளையாடுகிறது. கண்ணில் தெறித்தால் முதலில் என்ன சொட்டு விட வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

எந்தச் சொட்டும் வேண்டாம். நெய், எண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு காரப்பொருள். அமிலத்தைவிட மோசமாக, பட்ட இடத்தைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். குழந்தையைப் படுக்கவைத்து, ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இமைகளைப் பிரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரோ குடிதண்ணீரோ எது அருகில் இருக்கிறதோ அதை ஊற்றிக்கொண்டே இருங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைத் திருப்பினால் மற்றக் கண்ணுக்குள் போகாது. குறைந்தது அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். குழந்தை அலறும், அதற்காக நிறுத்தாதீர்கள். சுண்ணாம்புத் துகள் தெரிந்தால் ஈரத் துணியின் நுனியால் எடுங்கள். மேலிமைக்குள் ஒளிந்திருக்கும் துகளை மருத்துவர்தான் இமையைப் புரட்டி எடுக்க வேண்டும். எனவே கழுவிய கையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் ஊற்றிக்கொண்டே போக இரண்டு பாட்டில் தண்ணீரையும், அந்தச் சுண்ணாம்புப் பாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.