பறவை வலசையைக் காட்டும் பொது டிஜிட்டல் கலை என்றால் என்ன?

பறவைகள் பருவத்துக்கேற்ப இடம்பெயரும் வலசையின் பதிவுகளை ஒளியாகவும் அசைவாகவும் மாற்றி, டிக்கெட் இல்லாமல் எல்லோரும் பார்க்கும்படி பொதுச் சுவரிலோ பூங்காவிலோ காட்டுவதுதான் இது.

மார்கழியில் பாலாற்றங்கரை மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலானை வேலூர்க்காரர்கள் பார்த்திருக்கலாம். குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே திரும்பும் பறவை அது. இப்படிப்பட்ட பல பறவைகள் பகல்பொழுதின் நீளத்தை வைத்துக் கிளம்புகின்றன. அவை இரையாகத் தின்னும் அங்குள்ள பூச்சிகளோ வெப்பத்தைப் பார்த்து வெளிவருகின்றன. புவி சூடாவதால் வடக்கே வசந்தம் முந்திவிடுகிறது. முகூர்த்தத்துக்குச் சரியாக வந்த விருந்தாளிக்குப் பந்தி முடிந்துபோன கதைதான்! சில நாள் வித்தியாசம் அட்டவணையில் கண்ணுக்கே படாது. சுவரில் பறவையின் வரவைக் காட்டும் ஒளிப்பட்டையும் பூச்சியின் வரவைக் காட்டும் ஒளிப்பட்டையும் விலகிப்போகும்போது சிறுவருக்கும் புரியும்.

சுவரில் நகரும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் அந்த நொடியில் பறக்கும் பறவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவை முன்பே குறித்துவைத்த கணக்குகள்.