குடியைத் திடீரென்று விட்டால் ஏன் இப்படி ஆகிறது?

தங்கச்சி, உங்கள் கணவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. யாரும் செய்வினை வைக்கவும் இல்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடுவதாக நேர்ந்து, மனுஷன் ஒரே நாளில் குடியை விட்டிருக்கிறார். அன்றே கை நடுக்கம், வியர்வை, இரவில் பொட்டுத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு விரிப்பில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், செத்துப்போன தகப்பனோடு பேசினார், உங்களைப் பார்த்து யாரென்று கேட்டார். உங்கள் அம்மா பயந்துபோய் சாராயத்தை ஊற்றிக் கொடுக்க, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார். அன்றிலிருந்து பழையபடி தினமும் அரைப் போத்தல். கடிதத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: குடித்தாலும் போய்விடுவார், விட்டாலும் போய்விடுவாரோ?

வீட்டில் வைத்துத் திடீரென்று விட்டால் உயிருக்கு ஆபத்து வரலாம், உண்மைதான். அதே குடியை ஆஸ்பத்திரியில் மருந்தோடு விட்டால் அந்த ஆபத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

சாராயம் நரம்புகளை மந்தமாக்கும் பொருள். வருடக்கணக்கில் அது தினமும் உள்ளே போனால், மூளை தன் வேலையைக் கொண்டுபோவதற்காக எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிடுகிறது. சித்திரை விளையாட்டில் கயிறிழுக்கும்போது ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் மற்றப் பக்கத்தார் எப்படி விழுவார்கள்? குடியை விட்ட உடனே மூளைக்கு நடப்பதும் அதுதான். கடைசியாகக் குடித்து ஆறேழு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு ஆள், இடம், நேரம் எல்லாம் குழம்பி, இல்லாதது கண்ணில் தெரியும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொன்றுவிடக்கூடியது. அன்றைக்குத் தப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது, கடிதத்தில் பயந்து கேட்டிருக்கிற ஈரலை அல்ல, அவருடைய காலை நேரத்தை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார், அப்படியும் சாரத்தில் சிந்துகிறது, ஒரு மிடறு சாராயம் போனதும் கை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்த ஒருவர் வீட்டில் தானாகக் குடியை விடக் கூடாது. அறையில் பூட்டி வைத்து விடவைப்பதும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்பார்கள். அதற்கும் ஒரு அளவு வேண்டுமே. உங்கள் பக்கத்தில் சில நாள் சாராயம், சில நாள் களவாகக் காய்ச்சுகிற கசிப்பு. கசிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க வேண்டாம். ஊர் வந்து உங்கள் கணவரின் வலிப்பைப் பிடிக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரைக்கும் குடியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி அவரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். வார்டில் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் அளவறிந்து மருந்து கொடுத்து, நாளாக நாளாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். நாட்பட்ட குடிகாரரின் உடம்பில் அந்தச் சத்து வற்றியிருக்கும். நடை தள்ளாடி, ஒன்று இரண்டாகத் தெரிந்து, புத்தியும் மாறினால் அது வெறி என்று படுக்கவிடாதீர்கள். ஊசி தாமதமானால் ஞாபகசக்தி திரும்பி வராமலே போகலாம்.

இடையில் வலிப்போ புத்திமாறாட்டமோ வந்தால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் தண்ணீரோ சாராயமோ வாயில் ஊற்றினால் நெஞ்சுக்குள் போய் மூச்சடைக்கும். அப்புறம், கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கால் முறிந்து வருகிறவரின் குடும்பம் வெட்கத்தில் குடியை மறைத்துவிடும். இரண்டாம் நாள் அவர் சத்திரசிகிச்சை வார்டில் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுவார். இதை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

அடுத்தது, பேஸ்புக்கில் பார்த்து வாங்கிய அந்தப் பொடி. ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், இருபது நாளில் குடியை வெறுப்பார்’ என்று விற்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது, தங்கச்சி. ஒன்றில் அது வெறும் மாவு, உங்கள் காசு போனது. இல்லையென்றால் டைசல்பிராம் என்ற மருந்தை அதில் அரைத்துப் போட்டிருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். எங்கள் கையில் அது நல்ல மருந்து. ஆனால் நோயாளி அறிந்து, சம்மதித்து, குடியை விட்ட பிறகுதான் கொடுப்போம். ஒளித்துக் கொடுப்பது நஞ்சு வைப்பது போலத்தான். குசினியில் இருப்பதை இன்றைக்கே எறியுங்கள். பாமசியில் தூக்கக் குளிசை வாங்கிக் கொடுக்கிற யோசனையும் வேண்டாம். சாராயமும் அந்தக் குளிசையும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும்.

மற்றவை சுருக்கமாக. ஸ்கானில் ஈரலில் கொழுப்பு என்றால் புற்றுநோய் அல்ல. குடியை விட்டால் பெரும்பாலும் வடிந்துவிடும். யூடியூப்பில் ஈரல் பற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள். கண் மஞ்சளித்தாலோ, வயிறு வீங்கினாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ உடனே வாருங்கள். மகனுக்கும் வருமா என்றால், பரம்பரைக்குப் பாதிப் பங்கு உண்டு, தலைவிதி அல்ல. எவ்வளவு பிந்திக் குடியைத் தொடுகிறானோ அவ்வளவுக்கு நல்லது. சில நாட்களில் கை நீட்டுகிறார் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் வைக்க வேண்டாம். நோய் என்பதற்காக அடி வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்குப் பேசுங்கள்.

‘எங்களைவிடப் போத்தல்தான் பெரிதாகிவிட்டது’ என்று எழுதியதை நான் இரண்டு முறை வாசித்தேன். அன்பில்லாதவர் அந்த நடுக்கத்தோடு மூன்று நாள் தாக்குப்பிடித்திருப்பாரா? மனம் இருந்தது, உடம்புதான் விடவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிக்கு அடிமையாவதை ஒரு நோய் என்று 1956லேயே ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பு ஆறு அடையாளங்களைச் சொல்கிறது: அடக்கமுடியாத ஆசை, அளவோடு நிறுத்தமுடியாமை, விட்டால் உடம்பு படுத்துவது, பழைய அளவு போதாமற் போவது, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதி தெரிந்தும் விடாமை. ஒரு வருடத்துக்குள் மூன்று சேர்ந்திருந்தால் போதும். உங்கள் கடிதத்தில் நான் ஐந்து கண்டேன். சீனி வருத்தக்காரரை ‘மனம் வைத்து சீனியை இறக்கு’ என்று யாரும் ஏசுவதில்லையே.

வார்டில் இருந்து வந்ததும் வருத்தம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நடுக்கம் ஒரு கிழமையில் போகும். ஆசை மாதக்கணக்கில் இருக்கும். கிளினிக்கை விடக் கூடாது. சம்பளம் எடுக்கிற நாளில் யாராவது கூடப் போங்கள். மனம் தளர்ந்தால் மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் அடிக்கலாம், அவரும் அடிக்கலாம், நீங்களும் அடிக்கலாம். பலர் ஒரு தடவையாவது மறுபடி குடித்துவிடுகிறார்கள். அப்படி நடந்தால் ஏசாமல், இன்னொரு நேர்த்தியும் வைக்காமல், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். இந்த நோயில் ஒவ்வொரு தடவை திடீரென்று விடும்போதும் உடம்பு முன்னையதை விட மோசமாகப் படுத்தக்கூடும். இந்த முறை வராத வலிப்பு அடுத்த முறை வரலாம்.