கமலையும் ஏற்றமும்

ஐயா,
அப்பா எழுதிய பன்னிரண்டு கரிசல் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறோம். தெரிந்த ஓவியர் ஒருவர் கதைக்கொரு வண்ணப்படம் தருகிறேன் என்கிறார். ‘வட்டார வழக்குக்குப் படம் எதற்கு, கடைசியில் சொற்பட்டியல் போதும்’ என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
மு., விளாத்திகுளம்

அன்புள்ள மு.,

படம் போடுங்கள். எதை வரையச் சொல்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஜூனியர் விகடனில் கரிசல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது ஓவியர் ஆதிமூலம் வரைந்தார். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளியவர். நாலு கோட்டில் ஆளை நிறுத்திவிடுவார். கி.ரா.வின் ஆட்கள் வாயைத் திறந்தாலே முகம் வந்துவிடும். அதை இன்னொருவர் மூக்கும் முழியுமாக வரைந்து காட்டினால் எரிச்சல்தான் வரும். ஆதிமூலத்தின் கோடுகள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பதுபோல இருக்கும்.

எல்லா எழுத்துக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு போட்ட முகங்கள்தான் அந்தக்கால வாசகர்களுக்குச் சண்முகசுந்தரமும் மோகனாவும். (1968இல் சிவாஜியும் பத்மினியும் வந்து அதை மாற்றினார்கள், அது வேறு கதை.)

சொற்பட்டியலும் இருக்கட்டும். கி.ரா.வே கரிசல் வட்டாரத்துக்கு அகராதி தொகுத்தவர். ஆனால் மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கிற ‘கமலை’க்கு விளக்கம் எழுதிப் பாருங்கள். மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுக் கூனை மேலே வரும். தோல்வால் வழியாகத் தண்ணீர் கொட்டும். பிறகு மாடுகள் பின்பக்கமாகவே மேடேறும். கிணற்றையே பார்க்காத பிள்ளைக்கு இதில் என்ன விளங்கும்? ஒரு படம் போதும்.

அந்தப் படமும் சரியாக இருக்க வேண்டும். என் கதை ஒன்றுக்குக் கமலைக்குப் பதிலாக, மாடில்லாமல் ஆளே மிதித்து இறைக்கிற ஏற்றத்தை வரைந்துவிட்டார்கள். துலாவின் மேல் ஒருவர் ஜம்மென்று நடந்துகொண்டிருக்கிறார். கதையே கிழட்டு மாடு பின்னேற மறுப்பதுதான். படத்தில் மாடே இல்லை. ஊரிலிருந்து மாமா போன் போட்டார்: “என்ன மாப்ளே, மாட்ட வித்துட்டியா?”

வண்ணம் வேண்டாமே. வழவழப்பான தாள் கேட்கும், விலை ஏறும். சாதாரணத் தாளில் சாயப்பூச்சு மங்கிப்போகும்; கறுப்புக் கோடு பளிச்சென்று நிற்கும்.

ஓவியரை இரண்டு நாள் உங்கள் ஊரில் தங்க வையுங்கள். வெடித்த கரிசல், பருத்திமார்க் கட்டு, உடைமர நிழல் எல்லாம் பார்க்கட்டும். கமலைக்கல் மிச்சமிருக்கிற கிணறு ஏதாவது இருந்தால் முதலில் அங்கே கூட்டிப்போங்கள்.