உபுண்டுவில் ஓடுவது விண்டோஸில் மக்கர் செய்கிறதா? பைத்தான் ராப்பர் எழுதும் முறை

கேள்வி: எங்கள் பைத்தான் கருவி என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு நிறுவி), எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் நிரல்) இரண்டையும் சப்பிராசஸ் மாட்யூல் வழியாக அழைக்கிறது. விண்டோஸில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ ஓட்டினால் ஃபைல்நாட்ஃபவுண்ட் பிழை. ஷெல்=ட்ரூ (கட்டளையை ஷெல் வழியாக ஓட்டச் சொல்வது) போட்டதும் சரியானது; ஆனால் உபுண்டுவில் என்பிஎம் உதவிக்குறிப்பு மட்டும் வருகிறது. எஃப்எஃப்எம்பெக் சில நேரம் தொங்கிவிடுகிறது. விண்டோஸ், உபுண்டு இரண்டுக்கும் பொதுவான ராப்பர் (பிற நிரல்களை அழைக்கும் மேலுறை) எப்படி எழுதுவது?

பதில்: முதலில் ஷெல்=ட்ரூவை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் அதோடு லிஸ்ட் கொடுத்தால் முதல் உறுப்பு மட்டுமே கட்டளை. ‘இன்ஸ்டால்’ ஷெல்லுக்குப் போய்விடும். வெறும் என்பிஎம் ஓடும்.

விண்டோஸ் பிழைக்குக் காரணம் வேறு. அங்கே இருப்பது என்பிஎம்.சிஎம்டி, நிரல்களைத் தொடங்கும் விண்டோஸின் கிரியேட்பிராசஸ் தானாகச் சேர்த்துத் தேடுவதோ .இஎக்ஸ்இ மட்டும். ஆகவே பைத்தானின் ஷ்யூட்டில்.விச் கொண்டு முழுப் பாதையை எடுத்து, அதை லிஸ்ட்டின் முதல் உறுப்பாக வையுங்கள். பாத்எக்ஸ்டியில் (ஓட்டக்கூடிய கோப்பு நீட்சிகளின் விண்டோஸ் பட்டியல்) உள்ள எல்லா நீட்சிகளையும் அது பார்க்கும். என்விரான்மென்டை மாற்றி அனுப்பினால் அதே பாத் மதிப்பை விச்சுக்கும் கொடுக்க வேண்டும்.

பாதை கிடைத்ததோடு வேலை முடியவில்லை. .சிஎம்டி கோப்பை உண்மையில் ஓட்டுவது சிஎம்டி.இஎக்ஸ்இ. பைத்தான் மேற்கோள் போடுவது இடைவெளி உள்ள ஆர்கியுமென்டுக்கு; ‘ராமு&கோ’ அப்படியே போகும், & குறிக்குப் பிறகு வருவது தனிக் கட்டளையாகிவிடும். 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் 1.77.2 பதிப்பு வெளிவந்ததே இந்த பேட்ச் கோப்பு ஓட்டையை அடைக்கத்தான். சிறப்புக் குறிகளை எஸ்கேப் செய்து (பொருளிழக்கச் செய்து) சமாளிக்கலாம் என்று இறங்காதீர்கள். % குறி ஒன்றே போதும், தலைவலி. பயனர் தரும் உள்ளீடு போகுமென்றால், நோட்.இஎக்ஸ்இயை என்பிஎம்-சிஎல்ஐ.ஜேஎஸ் கோப்போடு நேரடியாக அழையுங்கள்.

தொங்குவதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள். ஸ்டிடிஎர்ரை (பிழைச் செய்தி வெளியீடு) பைப்பில் விட்டுவிட்டு வெயிட் அழைத்தால், லினக்ஸில் பைப்பின் 64 கேபி நிரம்பியதும் எஃப்எஃப்எம்பெக் எழுத இடமின்றி நிற்கும், கம்யூனிகேட் பயன்படுத்துங்கள். தவிர, எஃப்எஃப்எம்பெக் ஸ்டிடின்னையும் (உள்ளீடு) படிக்கும், அதற்கு டெவ்நல் (வெற்று உள்ளீடு) கொடுத்துவிடுங்கள். என்கோடிங்கை யூடிஎஃப்-8, எரர்ஸை ரிப்ளேஸ் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் தமிழ்க் கோப்புப்பெயர் வந்ததும் விண்டோஸில் டிகோட் பிழை விழலாம்.

டைம்அவுட் ஆனால் குழந்தை பிராசஸை மட்டும் கொன்றால் போதாது. அது தொடங்கிய பேரப்பிள்ளை பிராசஸ்கள் பைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். லினக்ஸில் ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ வைத்துத் தொடங்கி, கில்பிஜி மூலம் பிராசஸ் குழு முழுவதற்கும் முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்), ஐந்து விநாடி கழித்தும் இருந்தால் சிக்கில் (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) அனுப்புங்கள். விண்டோஸில் டாஸ்க்கில் கட்டளைக்கு /டி (T) /எஃப் (F) கொடுங்கள். இப்படிக் கொன்ற பிறகு வரும் ரிட்டர்ன்கோட் லினக்ஸில் பொதுவாக -9 அல்லது -15 (சிக்டெர்மைத் தானே கையாளும் நிரல் வேறு எண் தரலாம்), விண்டோஸில் 1. சாதாரணத் தோல்விக்கும் 1 வரும் என்பதால், டைம்அவுட் ஆனதா என்பதை ராப்பர் தனி ஃபீல்டாகத் திருப்பித் தரட்டும்.